இராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

எண்களுக்குச் சிறப்பு உண்டா என்று வினவினால் பெரும்பாலோர் உண்டு என்றே விடை பகர்வர். அச்சிறப்பு யாது, அஃது எங்கிருந்து வருகிறது என்று மேலும் வினவும்போதுதான் விடைகள் இரு திசைகளில் பிரிகின்றன. ஒரு சாரார் எண்ணுக்குள் நன்மையும் தீமையும் உறைந்து கிடப்பதாக எண்ணுகின்றனர். வாகனத்தின் பதிவெண்ணைத் தேர்ந்தெடுப்பதற்காக மிகுதியாகப் பணம் செலுத்துவோரும், தியாகராய நகரின் கடைத்தெருவில் பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போரும் இச்சாராரே. மற்றொரு சாரார், எண்ணின் சிறப்பு அதன் கட்டமைப்பில் இருக்கிறது என்பர். அதனைச் சொல்பவர் எவராயினும் கேட்பவர் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

இவ்விரு போக்குகளும் நமது அறிவுப் பாரம்பரியத்திலும் அக்கம் பக்கமாகவே இருந்து வந்துள்ளன. 220, 284 என்னும் இரு எண்கள் இதற்கு நல்ல சான்று. 220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, 220ஐத் தவிர்த்துக் கூட்டினால் 284 வரும். 284ஐ வகுக்கும் எண்களை அவ்வாறே கூட்டினால் 220 வரும். அரபு மொழியில் இவை 'அல்அஃதாதுல் முதஹாப்பா', அதாவது நேச எண்கள் எனப்பட்டன. அன்பை வரவழைக்கும் தாயத்துகளில் இவ்விரு எண்களை எழுதும் வழக்கம் இருந்ததை இப்னு கல்தூன் (1332-1406) தமது முகத்திமாவில் குறிப்பிடுகின்றார். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 901இல் மறைந்த ஹர்ரான் நகரத்து ஸாபியீ அறிஞர் ஸாபித் இப்னு குர்ரா, இத்தகைய இணைகளைக் கண்டறிவதற்கான விதியொன்றை வகுத்து நிறுவியிருந்தார். தாயத்து எழுதியவர் கையாண்டதும் ஸாபித் ஆராய்ந்ததும் அதே எண்களைத்தாம். ஆயினும் முன்னவரால் அவற்றைத் திரும்பத் திரும்ப எழுத முடிந்ததேயன்றி, அடுத்த இணையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, நமது சென்னை மாநகரோடு தொடர்புடைய ஒரு பேரெண்ணை இங்கு ஆராய முற்படுகின்றோம். அந்த எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915இல் வெளியிட்ட ஓர் அட்டவணையில் இடம்பெற்றிருக்க வேண்டிய இவ்வெண் அதில் இடம்பெறவில்லை. விடுபட்டதை எவ்வாறு அறிந்தோம், விடுபட்டது என்று நாம் எவ்வாறு உறுதி கூறலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரணிகளை எண்ணும் முறை

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 13க்கு 1, 13 ஆகிய இரண்டே காரணிகள். ஆகவே 13 பகா எண். ஒவ்வொரு முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வகையில்தான் எழுத முடியும். 12 என்பது 2² × 3. இதிலிருந்து காரணிகளை எழுதிப் பார்க்காமலே எண்ணிவிடலாம். 12இன் காரணி ஒன்றை அமைக்கும்போது 2ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். இவை மூன்று வழிகள். 3ஐ எடுக்கலாம், விடலாம். இவை இரண்டு வழிகள். மூன்றையும் இரண்டையும் பெருக்க ஆறு கிடைக்கிறது. சுருங்கக் கூறின், ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றையெல்லாம் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, அவற்றின் சேர்க்கைகளை எண்ணிக் காரணிகளைக் கணக்கிடும் இச்சிந்தனையை ஆழமாக ஆய்ந்தோருள் முதன்மையானவர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ. வானவில்லின் தோற்றத்தை விளக்கியவர் என்று ஒளியியல் வரலாற்றில் அறியப்படும் அதே அறிஞர்தாம் இவர். நேச எண்களைப் பற்றித் தாம் இயற்றிய நூலில், ஸாபித் இப்னு குர்ராவின் விதிக்குப் புதிய நிறுவல் தருவதற்காகவே இவர் காரணிகளின் இயல்பை ஆராய்ந்தார். 17,296, 18,416 என்னும் இணையும் அந்நூலில் காணப்படுகிறது. ஐரோப்பாவில் ஃபெர்மா இதே இணையை எடுத்துரைத்தது 1636இல். ஃபாரிஸீயோ 1320ஐ ஒட்டி மறைந்தவர்.

ஃபராயிழ் கலையும் காரணிகளும்

காரணிகள் மிகுந்த எண்கள் மனித வாழ்வில் ஏன் தேவைப்பட்டன? பங்கிடுவதற்காகத்தான். ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்திற்கு 360 பாகை, ஒரு டஜனுக்கு 12 என்பவை தற்செயலாக அமைந்தவையல்ல. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இங்கிலாந்தின் பவுன் 1971 வரை 240 பென்சாக இருந்தது. 240க்கு 20 காரணிகள் உள்ளன. 1957இல் நாம் விட்டுவிட்ட ரூபாயில் 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 192க்கு 14 காரணிகள். இன்றைய 100 காசுக்கு ஒன்பதே காரணிகள்தாம். அன்று ஒரு ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிட முடிந்தது, இன்று முடியாது.

பங்கீட்டின் கணிதம் மார்க்கக் கல்வியின் ஒரு துறையாகவே வளர்ந்தது ஃபராயிழ் எனப்படும் வாரிசுரிமைக் கலையில்தான். திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் வரையறுக்கப்பட்ட பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. இவற்றையும் இவற்றின் சேர்க்கைகளையும் பின்னமின்றிப் பகிர உதவும் அடிப்படை எண்களை அறிஞர்கள் 'அஸ்லுல் மஸ்அலா' என்றனர். அவை 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகிய ஏழு. கால் பங்கும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து வருமிடத்து 12, எட்டில் ஒரு பங்கும் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து வருமிடத்து 24 என அமையும். பள்ளிக்கூடத்து மாணவர் இதனையே மீச்சிறு பொது மடங்கு என்று கற்கின்றனர். இரு எண்களுக்கிடையிலான உறவை தமாஸுல் (சமமாதல்), ததாகுல் (ஒன்று மற்றொன்றுள் அடங்குதல்), தவாஃபுக் (பொதுக் காரணி உடைமை), தபாயுன் (பொதுக் காரணியின்மை) என்று நான்காகப் பகுத்திருப்பதும் எண்ணியலின் அடிப்படைப் பாடமேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் இரு மனைவியரையும், தாயையும், இரு மகன்களையும், ஒரு மகளையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். மனைவியருக்கு 1/8, தாய்க்கு 1/6, எஞ்சியது மக்களுக்கு, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. அடிப்படை எண் 24. மனைவியருக்கு 3, தாய்க்கு 4, மக்களுக்கு 17. மூன்றை இரு மனைவியர்க்குப் பின்னமின்றிப் பகிர இயலாது. பதினேழை ஐந்து பங்காக்கவும் இயலாது. ஆகவே 2ஐயும் 5ஐயும் பெருக்கி, வந்த 10ஆல் 24ஐப் பெருக்குகின்றோம். இதுவே தஸ்ஹீஹ். 240 என்னும் எண்ணில் மனைவி ஒவ்வொருவருக்கும் 15, தாய்க்கு 40, மகன் ஒவ்வொருவருக்கும் 68, மகளுக்கு 34. கூட்டினால் 240 சரியாக வரும். 'பத்தால் பெருக்கு' என்பதை விதியாக மட்டும் மனனம் செய்த மாணவர், வாரிசுகளின் எண்ணிக்கை மாறியவுடன் தடுமாறுவார். 2, 5 ஆகியவற்றுக்குப் பொதுக் காரணி இல்லை என்பதே அந்தப் பத்துக்குக் காரணம் என்று அறிந்தவர் தடுமாறமாட்டார். கணக்குப் பிழைத்தால் குறைவது ஒரு விதவையின் பங்கோ, ஒரு மகளின் பங்கோதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். வாலாஜா பெரிய பள்ளிவாசல் அமைந்துள்ள அதே திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்தார். தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவரது வாழ்வைத் திருப்பியது. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று அவர் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜ் சென்ற மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வேட்டில் அவரது நீண்ட கட்டுரையொன்று வெளிவந்தது. அதன் பொருள் 'உயர் பகு எண்கள்'. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று இவ்வரிசை செல்லும். பகா எண்ணைப் பற்றி யூக்ளிடு காலந்தொட்டு ஆராய்ந்தோர் பலர். அதற்கு நேர் எதிர்முனையில் நிற்கும் இவ்வெண்களை முதன்முதலாக முழுமையாக ஆராய்ந்தவர் இராமானுஜனே. 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வின்வழி பட்டம் வழங்கியபோது இக்கட்டுரை அதற்கு முதன்மையான அடிப்படையாயிற்று.

ஃபராயிழ் கலையின் ஏழு அடிப்படை எண்களுள் 2, 4, 6, 12, 24 ஆகிய ஐந்தும் இவ்வரிசையில் உள்ளன. நமது எடுத்துக்காட்டில் வந்த 240உம் உள்ளது. இதனை ஓர் அற்புதமாக எடுத்துரைக்க வாசகர் சிலர் விழையக்கூடும். அவ்வாறு செய்தல் தகாது. பின்னங்களின் பகுதிகளாகச் சிறிய பகா எண்கள் வருகின்றன; சிறிய பகா எண்களின் பெருக்கத்தில் காரணிகள் மிகும். காரணம் அவ்வளவே. 24ஐ 7ஆல் பெருக்க நேரிடும் வாரிசுக் கணக்கில் 168 வரும். அதற்கு 16 காரணிகள். அதனினும் சிறிய 120க்கும் 16 காரணிகள் இருப்பதால் 168 உயர் பகு எண் ஆகாது. அதனால் அந்தப் பங்கீட்டின் நீதி குறைந்துவிடுவதில்லை.

உயர் பகு எண்ணின் அமைப்பு

இத்தகைய எண்களின் அமைப்பைப் பற்றி இராமானுஜன் நிறுவியவற்றுள் மூன்றை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, பகாக் காரணிகள் 2இல் தொடங்கி இடைவெளியின்றி வரவேண்டும். 20 என்பது 2² × 5. இதில் 3 விடுபட்டுள்ளது. 5க்குப் பதிலாக 3ஐ இட்டால் 12 கிடைக்கும். அதற்கும் ஆறு காரணிகளே. ஆனால் எண் சிறியது. ஆகவே 20 தகுதி இழக்கிறது.

இரண்டாவது, அடுக்குகள் ஏறக்கூடாது. 18 என்பது 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3, அதாவது 12. காரணிகளின் எண்ணிக்கை மாறவில்லை, எண் குறைந்துவிட்டது. ஆகவே 18உம் தகுதி இழக்கிறது.

மூன்றாவது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. 900 என்பது 2² × 3² × 5². அதற்கு 27 காரணிகள். ஆனால் அதனினும் சிறிய 840க்கு 32 காரணிகள் உள்ளன.

இம்மூன்றும் தேவையான நிபந்தனைகளேயன்றிப் போதுமானவையல்ல என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். 30 என்பது 2 × 3 × 5. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. எட்டுக் காரணிகளும் உள்ளன. ஆயினும் 24க்கும் எட்டுக் காரணிகள் இருப்பதால் 30 பட்டியலில் சேராது. ஆகவே அமைப்பு சரியாக உள்ள ஒவ்வோர் எண்ணையும் அதன் போட்டியாளர்களோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். எண்கள் பெருகப் பெருகப் போட்டியாளர்களும் பெருகுகின்றனர்.

அட்டவணையும் அதன் இடைவெளியும்

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இராமானுஜன் 102 உயர் பகு எண்களைப் பகாக் காரணிகளோடு அட்டவணையிட்டார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணுக்கு 10,080 காரணிகள் உள்ளன. அட்டவணையின் எல்லைக்குள் உண்மையில் 103 எண்கள் இருந்திருக்க வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது விடுபட்டது ஒன்றே ஒன்று எனக் கண்டனர். அதுவே நாம் மேலே குறித்த 2,93,31,86,25,600.

வாசகர்கள் தாமே இதனைச் சரிபார்க்கலாம். இவ்வெண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று பிரிகிறது. 2⁶ என்பது 64. 3⁴ என்பது 81. இரண்டையும் பெருக்க 5,184. அதனை 25ஆல் பெருக்க 1,29,600. அதனை 49ஆல் பெருக்க 63,50,400. பின்னர் 11ஆல் 6,98,54,400, 13ஆல் 90,81,07,200, 17ஆல் 15,43,78,22,400, இறுதியாக 19ஆல் 2,93,31,86,25,600. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்ட 7, 5, 3, 3, 2, 2, 2, 2. இவற்றைப் பெருக்கினால் 5,040 காரணிகள்.

இப்போது அட்டவணையில் இதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நோக்குவோம். முன்னுள்ளது 2,40,94,02,99,600. அது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 4,800. பின்னுள்ளது 3,21,25,37,32,800. அது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 5,376. இவ்விரண்டுக்கும் இடையில் 5,040 காரணிகள் கொண்ட ஓர் எண் இருக்கிறது. 4,800 என்னும் உச்சத்தை அது தாண்டிவிட்டது. ஆகவே அவ்வெண்ணிலோ அதற்கு முன்னரோ புதிய உச்சம் ஒன்று தோன்றியே தீரவேண்டும். அட்டவணையிலோ அவ்விடத்தில் எதுவும் இல்லை. எனவே அட்டவணையில் இடைவெளி உண்டு என்பது சில நிமிடப் பெருக்கலாலேயே நிறுவப்பட்டுவிட்டது. அந்தப் புதிய உச்சம் வேறு சிறிய எண்ணில் அன்றி, சரியாக இவ்வெண்ணில்தான் அமைகிறது என்பதை உறுதிசெய்யவே முழுமையான தேடல் தேவைப்படுகிறது.

விடுபட்ட எண் அமைந்த இடமும் கவனிக்கத்தக்கது. அதன் இரு அயலெண்களிலும் 23 இருக்கிறது. 7 ஒருமுறையே வருகிறது. விடுபட்ட எண்ணிலோ 23 இல்லை. அதற்கு ஈடாக 7 இருமுறை வருகிறது. வரிசை 23 என்னும் பகா எண்ணை எட்டிய பின்னர், இங்கு பின்வாங்கி 19இல் நின்றுவிட்டு மீண்டும் 23க்குச் செல்கிறது. அட்டவணையின் எல்லைக்குள் 19ஐக் கடைசிப் பகாக் காரணியாகக் கொண்ட இறுதி எண் இதுவே. மேலும் ஒரு நயம் உண்டு. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது 67,46,32,83,88,800. அட்டவணையின் முடிவாக அமைந்த எண்ணே அது!

5040 என்னும் எல்லை

விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040 என்றோம். இந்த 5,040உம் ஓர் உயர் பகு எண்ணே. 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் இதற்கு 60 காரணிகள். பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில் ஓர் இலட்சிய நகருக்கு 5,040 நிலக்கிழார் குடும்பங்களை வரையறுத்தார். நிலத்தையும் வரியையும் படைப்பணியையும் பலவாறு பங்கிட ஏற்றது என்பதே அவர் கூறிய காரணம்.

இவ்வெண்ணுக்கு நமது காலத்தில் வேறொரு முக்கியத்துவம் ஏற்பட்டுள்ளது. முதல் உலகப் போரின்போது இலண்டன் கணிதக் கழகம் பொருள் நெருக்கடியில் இருந்தமையால், இராமானுஜன் தம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சுக்குக் கொடாமல் நிறுத்திக்கொண்டார். அப்பகுதியில் அவர் காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெருகலாம் என்பதையும், ரீமான் 1859இல் முன்வைத்த கருதுகோளை உண்மையெனக் கொண்டு, ஆராய்ந்திருந்தார். 1984இல் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கய் ரோபன் இத்திசையில் ஒரு வியத்தகு முடிவை நிறுவினார். காரணிகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு குறிப்பிட்ட உச்ச வரம்பு உண்டு. 5,040இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. அவ்வெண்ணுக்குரிய வரம்போ சுமார் 19,237. ஆகவே 5,040 வரம்பை மீறுகிறது. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் மீறவில்லை என்பது நிறுவப்படுமானால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரும் இவ்வினா இன்னும் தீரவில்லை. பிளேட்டோ நிலம் பங்கிடத் தேர்ந்த எண்ணில், கணிதத்தின் மிகக் கடினமான வினா வந்து நிற்கிறது.

மீண்டும் சென்னை

இராமானுஜன் 1919 ஏப்ரலில் நோயுற்றவராகச் சென்னை திரும்பினார். மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையிலும் லஸ் சர்ச் சாலையிலும் சில காலம் தங்கினார். எட்வர்டு எலியட்ஸ் சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்குகிறது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் தமது முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற துறையை நம்மவர் கைவிடவில்லை. செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை 1940களில் உயர் பகு எண்களை ஒத்த பிறவகை எண்களை ஆராய்ந்தார். 1950இல் அமெரிக்காவில் நடைபெற்ற கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார்.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் 'ஏகாம்ர நிவாஸ்' என்றொரு இல்லம். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு அது. அங்கு அவருடைய மகன் அல்லாடி இராமகிருஷ்ணன் நடத்திய ஆய்வரங்கமே, 1962இல் கணித அறிவியல் நிறுவனமாக உருவெடுத்து இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது. 1989இல் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கி, 2005இல் சிறுசேரிக்குச் செல்லும் வரை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் இயங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதக் கழகம்.

அச்சேறாமல் நின்ற இராமானுஜனின் கையெழுத்துப் பகுதி, கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1988இல் நிழற்பட வடிவில் நமது நாட்டில் வெளியிடப்பட்டது. 1997இல் ஜான் லூயி நிக்கோலா, கய் ரோபன் ஆகிய இருவரும் அதனைக் குறிப்புரைகளோடு பதிப்பித்தனர். அது வெளிவந்த 'இராமானுஜன் ஜர்னல்' என்னும் இதழின் முதல் தொகுதியை நிறுவி நடத்தியவர் கிருஷ்ணசாமி அல்லாடி. ஏகாம்ர நிவாசத்தின் பேரர் அவர். எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரை நிறைவு பெற்றது.

தஹ்கீக் என்னும் கடமை

ஒரு பேரறிஞரின் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டதை இவ்வளவு விரித்துரைப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். அவரது பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. கையாலேயே கணக்கிட்டு, பதின்மூன்று இலக்கம் வரை 103இல் 102ஐக் கண்டவரின் உழைப்பு அந்த ஒன்றினால் குன்றிவிடாது. ஆயின் அந்த ஒன்றைக் கண்டவர்கள் அவரை மறுக்கப் புகுந்தோர் அல்லர். அவரைக் கற்கப் புகுந்தோர். அவர் வகுத்த விதிகளையே கொண்டு அவரது அட்டவணையைச் சரிபார்த்தனர். நமது மரபில் இதற்கு தஹ்கீக் என்று பெயர். முன்னோர் சொன்னதை அதன் ஆதாரத்தோடு விளங்கி ஏற்பதே தஹ்கீக். ஆதாரம் வினவாது ஏற்பது தக்லீத்.

அல்குவாரிஸ்மீ ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. இயற்கணிதமும் ஃபராயிழும் ஒரே நூலின் இரு பகுதிகளாக அன்று இருந்தன. இன்று நமது அரபிக் கல்லூரிகளில் ஃபராயிழ் ஒருபுறமும், அதே மாணவர் பள்ளியில் கற்ற மீச்சிறு பொது மடங்கு மற்றொருபுறமுமாக நிற்கின்றன. தபாயுன் என்று அரபியில் மனனம் செய்தவரும், பொதுக் காரணியற்ற எண்கள் என்று தமிழில் படித்தவரும் ஒருவரே என்பதை அவருக்கே எடுத்துரைப்பாரில்லை. இதனைச் சீர்செய்யப் பெரும் பொருளோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. ஃபராயிழ் பாடத்தின் முதல் வாரத்தில் பகா எண்களையும் காரணிகளையும் எண்ணும் முறையைக் கற்பித்துவிட்டு, அதன் பின்னர் தஸ்ஹீஹுக்குச் செல்லலாம். மாணவர் தாம் பங்கிட்ட ஒவ்வொரு கணக்கையும் கூட்டிச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடும் வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

அம்மாணவர் நாளை ஒரு மஹல்லாவில் இமாமாகப் பொறுப்பேற்பார். இறந்தவரின் சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு ஒரு குடும்பம் அவர்முன் வந்து அமரும். அவர் சொல்லும் எண்ணை அங்குள்ள எவரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆகவே அதனைச் சரிபார்த்தாக வேண்டியவர் அவரே.